மேக்கில் சரியாகப் பேசுகிறார்

கொஞ்சம் காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் சார், இந்த மூட்டை உங்கள் மேல் சாய்ந்துவிடப் போகிறது. டி.வி. இல்லை. கம்ப்யூட்டர் பெட்டி. சி.பி.யூ. என்கிறார்களே, அது. போர்வையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன், அடிபடக் கூடாது பாருங்கள். மதுரைக்குத்தான். நீங்களும் மதுரையா? நல்லதாகப் போயிற்று, ஏற்றும்போது ஒரு கை கொடுப்பீர்கள். ரயில் எப்போது வருமாம்? இவர்கள் எங்கே சொல்கிறார்கள். தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அந்தக் குரலில் வருத்தமே இல்லை, கவனித்தீர்களா?

உள்ளே என்னவா? எங்கள் வீட்டுக்காரர் குரல்.

நம்ப மாட்டீர்கள். நானும் முதலில் நம்பவில்லை.

அவர் பெயர் தணிகாசலம். இங்கே திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தார். ட்ரங்க் கால் காலத்து ஆள். காதில் மாட்டிக்கொண்டு, பலகையில் இந்த ஓட்டையிலிருந்து அந்த ஓட்டைக்குக் கம்பியைச் செருகி, ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்துவைத்தவர். சாவுச் செய்தி, பிள்ளை பிறந்த செய்தி, எல்லாம் அவர் வழியாகத்தான் போகும். "பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் பேச்சே கிடையாது. பேச்சையெல்லாம் அங்கேயே தீர்த்துவிட்டு வந்துவிடுவார். நான் பேசுவேன். நான் தமிழ் இலக்கியம் படித்தவள் சார், கல்லூரியில் ஒப்பித்தல் போட்டியில் என்னை மிஞ்ச ஆளில்லை. பேச எனக்கு என்ன குறை? நான் பேசுவேன், அவர் "ம்" என்பார்.

அந்த "ம்"மை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். சும்மா வாயை மூடிக்கொண்டு முனகுவதில்லை அது. கோயில் மணி அடித்து முடித்த பிறகு காற்றில் ஒன்று நிற்கும் பாருங்கள், அந்த மாதிரி. ஒரே எழுத்துதான். ஆனால் அதில் சரி என்பது இருக்கும், அப்படியா என்பது இருக்கும், போதும் சாப்பாடு போடு என்பதும் இருக்கும். எது என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு இல்லை என்று சொன்னதே கிடையாது. ஒருநாள்கூட. பக்கத்து வீட்டில் ஆச்சரியப்படுவார்கள்.

அவருக்குத் தொண்டையில் புற்று வந்துவிட்டது. முதலில் கரகரப்பு என்றார்கள், பிறகு பெரிய டாக்டரிடம் போ என்றார்கள். குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் நிலைப்பார் என்றார் அவர். எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, மூச்சு அதன் வழியாகத்தான். மேலே மெல்லிய துணி கட்டியிருக்கிறேன், வெள்ளை வேட்டியிலிருந்து கிழித்துத் தைத்தது. பார்த்தால் ஏதோ மாலை போட்டிருக்கிறார் என்று நினைப்பார்கள்.

ஆடியில் ஆபரேஷன். அதற்கு முந்திய வாரம் எங்கள் மகன் பரிதி பெங்களூரிலிருந்து வந்தான். அவனுக்கு வேலையே அதுதான், குரல் சம்பந்தமானது. எழுதிக் கொடுத்தால் வாசிக்கிற மென்பொருள் செய்கிறார்கள். அப்பாவை நடு அறையில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாசலில் கருவாட்டுக்காரி வந்தால்கூட என்னை ஓடிப்போய் வாயை அடைக்கச் சொல்லி, நாள் முழுக்க வாசிக்கவைத்தான். கதையா, கவிதையா? ஒன்றும் இல்லை. சப்பென்ற வாக்கியங்கள். "ரயில் இன்னும் வரவில்லை." "கடையில் எலுமிச்சம்பழம் கிடைக்குமா." "நான் நாளைக்குக் கிளம்புகிறேன்." எல்லா ஒலிகளும் வரவேண்டுமாம், அதற்காகத் தேர்ந்தெடுத்த வாக்கியங்களாம். அவர் கரகரத்த தொண்டையோடு வாசித்தார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் பேசாததை அந்த ஒரு வாரத்தில் பேசினார் சார். எலுமிச்சம்பழம் கிடைக்குமா என்று ஒருவர் கேட்பதைக் கேட்டு நீங்கள் அழுதிருக்கிறீர்களா? நான் அழுதேன்.

"ம்"மைப் பதிவுசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

பிறகு வீட்டுக்கு வந்தோம். டாக்டர் ஒரு கருவி கொடுத்தார், டார்ச் லைட் மாதிரி. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேச்சு வரும். வண்டு பேசுகிற மாதிரி வந்தது. அவரே கேட்டுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். எழுதிக் காட்ட ஒரு பலகை வாங்கிக் கொடுத்தேன், பேனாவால் எழுதித் துணியால் துடைப்பது. அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எழுத்து எழுத்தாக வரைவார், பொறுமை வேண்டாமா? அவர் பாதி எழுதும்போதே எனக்குப் புரிந்துவிடும். "வெந்நீர்தானே? வச்சிருக்கேன்" என்று துடைத்துக் கொடுத்துவிடுவேன். அவருக்கும் கை வலி மிச்சம். கொஞ்ச நாளில் எழுதுவதையே விட்டுவிட்டார். தேவைப்படவில்லை.

ஆனால் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் பேசி முடிப்பேன், முடித்ததும் ஓர் இடம் வரும். அங்கே அந்த "ம்" இருக்க வேண்டும். இருக்காது. படிக்கட்டு முடிந்தது தெரியாமல் இன்னொரு படி என்று காலை வைப்போமே, உடம்பு திடுக்கென்று ஆடும் பாருங்கள், ஒவ்வொரு பேச்சுக்கும் அப்படி. அதனால் நிறுத்தாமல் பேச ஆரம்பித்தேன். நிறுத்தினால்தானே அந்த இடம் வரும்?

நீங்கள் "ம்" கொட்டுகிறீர்கள். நன்றாக இருக்கிறது. கேட்டு நாளாயிற்று.

பெங்களூருக்கே போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். பரிதியோடு இருக்கலாம், மருமகள் நல்ல பெண், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது. வீட்டில் நாலு பேர் குரல் கேட்கும். இங்கே அவருக்கு என்ன இருக்கிறது? காலையில் எழுந்து மணிக்கூண்டுப் பக்கம் டீக்கடைக்குப் போய்விடுவார். பழைய எக்ஸ்சேஞ்ச் ஆட்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவார்கள். பேச முடியாத மனிதருக்கு டீக்கடையில் என்ன வேலை, சொல்லுங்கள். ஒருநாள் ஆட்டோவில் போகும்போது பார்த்தேன். இவர் நடுவில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார். அத்தனை பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இவர் வாயையே பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கிறார்கள். ஒருத்தர் இவர் முதுகில் தட்டுகிறார். எனக்குச் சுருக்கென்றது. கேலி செய்கிறார்களோ என்னவோ. எனக்கு அப்படி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரியாது. நான் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் உதட்டை எங்கே பார்ப்பது?

வீட்டை விற்க ஆள் பார்த்தேன். வீடு அவர் பெயரில் இருக்கிறது, அதனால் அவர் கையெழுத்து வேண்டும். பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிற ஆரோக்கியசாமி எடுத்துக்கொள்கிறேன் என்றார். வந்தபோதெல்லாம் நான்தான் பேசினேன். "அவருக்குச் சம்மதம்தான், பேச முடியாதே, அதான் நான் சொல்றேன்." எங்கள் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். மறுத்து ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லையே.

அப்போது பரிதி போனில் ஒன்று அனுப்பினான். அப்பா குரல் தயாராகிவிட்டது, அவன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தானாம். மேக் என்று ஒரு வகை, விலை கூடியது, வெள்ளிப் பாத்திரம் மாதிரி இருக்கும். இருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.

"சரி மங்கை. பெங்களூருக்குப் போகலாம்."

கேட்டதா? அவர் குரல். அச்சு அசல். என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி, அவர் மட்டும்தான் வெறும் மங்கை என்பார். கையிலிருந்த சோற்றுக் கரண்டியோடு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். என் நாத்தனார் ஒருத்தி, "அண்ணன் அந்த வீட்டை விட்டு வருவாரா?" என்று முதலிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரெண்டு தடவை அனுப்பினேன்.

"இதே மாதிரி நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல பேச வைடா" என்றேன் பரிதியிடம்.

"அதுக்கு லைப்ரரியை இன்ஸ்டால் பண்ணணும்மா. வழிமுறை ஒரு பக்கம் அனுப்புறேன். அதுல மூணு பகுதி இருக்கும். விண்டோஸ்னு போட்டிருக்கிறதை மட்டும் பாரு."

லைப்ரரி, அதாவது நூலகம் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. புத்தகம் எதுவும் இல்லையாம், வேறு நிரல்கள் எடுத்துப் பயன்படுத்துகிற சரக்கறைக்கு அப்படிப் பெயராம். இருக்கட்டும். அந்தப் பக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஒரு நூலை நடுவிலிருந்து படித்துப் பழக்கமில்லை சார். முதல் வரியிலிருந்து தொடங்கினேன். முதல் பகுதி மேக்குக்கு. அதில் "ப்ரூ" என்று ஒரு கட்டளை. ஆங்கிலத்தில் அது காய்ச்சுவதற்கான சொல் அல்லவா, குரலுக்கும் காய்ச்சுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே அடித்தேன். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது. அடுத்த பகுதி லினக்ஸுக்கு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு டாலர் குறி போட்டிருந்தது. மூலத்தில் இருப்பதை விடக்கூடாது என்று அதையும் சேர்த்து அடித்தேன். இல்லை என்றது. எதைக் கேட்டாலும் இல்லை. வாழ்க்கையில் இத்தனை "இல்லை"யை நான் கேட்டதே கிடையாது.

பரிதியைக் கூப்பிட்டால் தலையில் அடித்துக்கொள்கிறான். "அம்மா, டாலர் அடிக்கக் கூடாதும்மா. அது சும்மா, இங்கருந்து அடின்னு காட்டுறதுக்கு."

"காட்டுறதுக்குன்னா ஒரு கையை வரைஞ்சு வைக்கிறதுதானே?"

"மேக்குக்கு உள்ளதை ஏம்மா நீ அடிக்கிறே?"

"மேக்லதான் நல்லா பேசிச்சு. அதே மருந்தைக் குடுத்தா இதுவும் பேசாதா?"

"ஒவ்வொண்ணுக்கும் வழி வேறம்மா. சரக்கு ஒண்ணுதான், போய்ச் சேர்ற வழி வேற."

சரி என்று மூன்றாவது பகுதிக்குப் போனேன். எல்லாம் எழுத்து பிசகாமல் அடித்தேன். ஓடிற்று, ஓடிற்று, வரிவரியாகப் போயிற்று, கடைசியில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது. அந்தச் சிவப்பு வரியின் நடுவில் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்தது, பல் விழுந்த வாய் மாதிரி. இவர் கையை நீட்டி அந்தக் கட்டங்களைத் தொட்டார். "தொடாதீங்க, அழிஞ்சிடப் போகுது" என்றேன். திரும்பவும் தொட்டார். கட்டத்தைத் தொடுவார், தன் நெஞ்சைத் தொடுவார். கட்டத்தைத் தொடுவார், நெஞ்சைத் தொடுவார். "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டு, எழுப்பிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்துச் சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தேன். மனிதருக்கு வலி என்றால் வாய்விட்டுச் சொல்லக்கூட வழியில்லை பாருங்கள்.

மறுநாள் நான் அனுப்பிய போட்டோவைப் பரிதி பார்த்துவிட்டுச் சொன்னான், கோளாறு பெயரில் இருக்கிறதாம். அந்தக் கம்ப்யூட்டர் வாங்கும்போது பயன்படுத்துகிறவர் பெயர் என்ன என்று கேட்டது. நான்தான் பிடிவாதமாகத் தமிழில் தணிகாசலம் என்று போட்டேன். நம் வீட்டுப் பொருளுக்கு ஏன் ஆங்கிலத்தில் பெயர்? இவன் செய்த லைப்ரரிக்கு, வழியில் ஒரு தமிழ் எழுத்து குறுக்கிட்டால் மேலே போகத் தெரியவில்லை. அதைத்தான் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டியிருக்கிறது. "தமிழ் பேசுறதுக்குன்னு ஒண்ணைச் செஞ்சுட்டு, தமிழ்ல பேர் இருந்தா உள்ளே வராதுங்கிறியேடா" என்றேன். சிரித்தான். திருத்திவிடுகிறேன், அதுவரை ஆங்கில எழுத்தில் வேறு ஒரு பெயர் போட்டுக்கொள் என்றான். அப்பா என்று போட்டோம்.

இவர் முந்தின நாளே தன் பெயரைத்தான் காட்டினார் என்று நினைக்கிறீர்களா? அதெல்லாம் இல்லை சார். அவருக்குக் கம்ப்யூட்டர் பற்றி என்ன தெரியும். வாயுதான்.

பெயரை மாற்றி முடிக்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஷமீம் பானு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள், நாற்பது வயசிருக்கும், கெட்டிக்காரி. இவரையும் கூட்டிக்கொண்டு அவளிடம் போனேன். அவளிடம் இருந்தது லினக்ஸ், பெங்குவின் படம் போட்டது. லைப்ரரியை ஏற்றும்போது கடவுச்சொல் கேட்டது. அவள் விரல் போகிறது, திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. "ஷமீம், உன் கீபோர்டு செத்துப்போச்சு" என்றேன். "இல்ல மங்கைம்மா, இது அப்படித்தான். நாம அடிக்கிறதை வாங்கிக்கும், வெளியில காட்டிக்காது" என்றாள். இவர் அதைக் கேட்டுச் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். ஷமீம் அவரைப் பார்த்து, "ஐயாவுக்குப் புரியுது" என்றாள். என்ன புரிந்ததோ. அங்கே "வணக்கம்" என்று அடித்தாள். அவர் குரலில் வணக்கம் சொன்னது. கடையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். இவர் மட்டும் தன் கழுத்துத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெயர் மாற்றியதும் எங்கள் வீட்டிலும் ஏறிவிட்டது. முதல் வார்த்தை என்ன கேட்கலாம்? வேறு என்ன சார், நான் எதற்காக இத்தனை பாடுபட்டேன்? "ம்" என்று அடித்தேன். மகரத்துக்கு ஒரு புள்ளி. தட்டினேன். ஒன்றும் வரவில்லை. திரும்பத் தட்டினேன். ஒலிபெருக்கியில் காதை வைத்தேன். சின்னதாக ஒரு மூச்சு, அவ்வளவுதான். பரிதி சொல்கிறான், "அது பதிவுல இல்லம்மா, தனியா ஒரு மெய்யெழுத்தை அதுக்குச் சொல்லத் தெரியாது." இவர் என் பக்கத்தில் நின்றிருந்தார். நான் அழுதேன் என்று என் தலையில் கையை வைத்தார். பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஏதோ அடிக்கப் போனார். "இப்ப வேண்டாங்க, மனசு சரியில்ல" என்று அணைத்துவிட்டேன்.

இதெல்லாம் ஐப்பசி வரைக்கும். கார்த்திகை பிறந்ததும் ஆரோக்கியசாமி மனைவியோடு வந்தார், பேசி முடித்துக்கொள்ள. அந்த அம்மா பூவும் பழமும் கொண்டுவந்தது. அவர் நல்ல மனிதர், "ஐயா வாயால ஒரு வார்த்தை கேட்டா எங்களுக்கும் நிம்மதி" என்றார். அதற்கென்ன என்று நான் போனை எடுத்துப் போட்டேன். உங்களுக்குப் போட்டேனே, அதேதான். சரி மங்கை, பெங்களூருக்குப் போகலாம்.

இவர் அதுவரை அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நான் போட்டுக் காட்டியிருக்கிறேனா? ஊருக்கெல்லாம் அனுப்பினேன். இவருக்கு... அவருடைய குரலை அவருக்கே எதற்குப் போட்டுக் காட்டுவது? அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பினால் யாரும் இல்லாதபோது நிற்போமே, அப்படி. பிறகு எழுந்துபோய் கம்ப்யூட்டரைப் போட்டார். ஒரு விரலால் அடித்தார். "சந்தோஷத்துல ஏதோ சொல்லப் போறார்" என்றேன். ஆரோக்கியசாமி மனைவி சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது.

குரல் வந்தது. "நான் எங்கும் வரவில்லை. வீட்டைக் கொடுக்கவில்லை. போனில் பேசியது நான் இல்லை."

அவர் திரும்பவும் தட்டினார். திரும்பவும் அதுவே வந்தது. ஒரு எழுத்து மாறாமல், அதே ஏற்றம், அதே இறக்கம். மூன்றாவது தடவை தட்டினார். நான் போய் சுவிட்சை அணைத்தேன்.

ஆரோக்கியசாமி, "என்னம்மா இது, ரெண்டும் ஐயா குரல்தானே? நாங்க எதை எடுத்துக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பழத்தை எடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது சார். பரிதி என்ன வாசிக்கவைத்தான்? "ரயில் இன்னும் வரவில்லை." அங்கே இருக்கிறதா "வரவில்லை"? "நான் நாளைக்குக் கிளம்புகிறேன்." அங்கே இருக்கிறதா "நான்"? இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டது இயந்திரம். அவர் "நான் வருகிறேன்" என்றுதான் அடித்திருப்பார். ஓலைச்சுவடி படித்தவர்களுக்குத் தெரியும், ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கும்போது பாடபேதம் வந்துவிடும். மூல ஏட்டில் ஒன்று இருக்கும், படியில் வேறொன்று இருக்கும். மூலம் எது? பரிதியின் மேக். அங்கேதான் முதலில் செய்தான். அங்கே சரியாகப் பேசுகிறார். பெங்குவினில்கூடப் பணிவாக வணக்கம் சொன்னார். எங்கள் வீட்டில் மட்டும் இப்படிப் பேசுகிறார் என்றால் கோளாறு எங்கே?

பரிதியிடம் சொன்னேன். "அம்மா, மேக்ல நான்தாம்மா டைப் பண்ணேன். நீ சந்தோஷப்படுவேன்னு டெஸ்ட்டுக்குப் போட்டது" என்றான்.

"யார் டைப் பண்ணா என்னடா, குரல் அப்பாதுதானே?"

"அப்பாகிட்ட நீ கேட்டியாம்மா?"

"கேட்காமயா? தினமும் சொல்லிக்கிட்டுதானே இருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்று வைத்துவிட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவனுக்கும் வேலைப் பளு.

ஷமீம் வீட்டுக்கே வந்து பார்த்தாள். இவர் அவளுக்கு ஏதோ உதட்டை அசைத்துச் சொன்னார், அவளும் தலையை ஆட்டினாள். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொல்கிறாள், "மங்கைம்மா, மெஷின்ல ஒண்ணுமில்ல. ஐயா என்ன அடிக்கிறாரோ அதைத்தான் சொல்லுது." நல்ல பெண்தான். ஆனால் சின்ன ஊர்க் கடை, அவளுக்கு எவ்வளவு தெரியும்? அதனால்தான் மதுரைக்கு எடுத்துப் போகிறேன். டவுன்ஹால் ரோட்டில் பெரிய கடை ஒன்று இருக்கிறதாம். இதில் இருக்கிற விண்டோஸை வழித்துப் போட்டுவிட்டு, வேறு எதையாவது போட்டு, லைப்ரரியைப் புதிதாக ஏற்றி, மேக்கில் பேசுகிற மாதிரியே பேசவைத்துக் கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகவேண்டும். பரிதி வருவான், ஆரோக்கியசாமியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது அவருக்கா? இந்தப் பெட்டி இங்கே இருக்கிறதே, பேச முடியாதுதான். இரண்டு நாள்தானே. இத்தனை நாள் இருக்கவில்லையா?

என்ன கேட்டீர்கள்? கிளம்பும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லையா என்றா?

சொன்னார். காலையில் பெட்டியைப் போர்வையில் கட்டும்போதே முடிச்சில் கையை வைத்தார். உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன், "பரவால்லீங்க, நானே கட்டிக்கிறேன்" என்றேன். பிறகு ஆட்டோ வந்தது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறேன். அவர் கேட்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்தார். நீளமாக. அவ்வளவு நீளமாக அவர் என்றைக்குப் பேசியிருக்கிறார். கழுத்துத் துணி மேலும் கீழும் போய்வந்தது. நான் எங்கே பார்த்தேன், பெட்டி முகத்தை மறைக்கிறது, ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். "சரி சரி, சாப்பாடு மேசைமேல இருக்கு, தயிர் மூடி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். தெரு முனை வரைக்கும் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது.

பார்த்துப் போய்விட்டு வா என்றிருப்பார். வேறு என்ன சொல்வார்?

அதோ வந்துவிட்டது. எழுந்திருங்கள் சார், இந்த ஸ்டேஷனில் நிற்பதே கொஞ்ச நேரம். நீங்கள் அந்தப் பக்கம் பிடியுங்கள், நான் இந்தப் பக்கம். மெதுவாக. சாய்க்காதீர்கள், சாய்க்காதீர்கள், குரல் இருக்கிறது உள்ளே. என்ன? என்ன சொன்னீர்கள்? ரயில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போகச் சொல்கிற மாதிரி கையைக் காட்டுகிறீர்களே. ஓ, பின்னால் இருக்கிற பெட்டியில் கூட்டம் இல்லை என்கிறீர்களா? அதுதான். அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள். வாருங்கள், அங்கேயே ஏறிவிடலாம்.